கூன்வண்டை நம்பிச் சுடுமல்லியை விட்டேன்

கூன்வண்டு என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு, வாழையில் கிழங்குக்கு ஒன்று தண்டுக்கு ஒன்று, சர்க்கரைவள்ளியில் ஒன்று, மூட்டை கட்டி வைத்த அரிசியில் ஒன்று. நீண்ட மூக்கை வைத்துக்கொண்டு எங்கே துளை போடலாம் என்று அலைகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒன்று என் சோளக்காட்டில் எனக்காக வேலை செய்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சந்தோஷத்தில் நான் எடுத்த ஒரு முடிவு, என் காட்டை மட்டுமல்ல, பக்கத்துக் காட்டையும் பதம் பார்த்துவிட்டது. சோளம், கம்பு, கரும்பு வைக்கிற நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஈரம் இருந்தும் வாடிய பயிர்

தாராபுரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காடு. மானாவாரிதான். மாட்டுக்குத் தட்டும் வீட்டுக்குத் தானியமும் ஆகட்டும் என்று சோளம் விதைத்தேன். மழையும் ஏமாற்றவில்லை. முப்பத்தைந்து நாள் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பயிர் சுருண்டு நின்றது. மண்ணைக் கிளறினால் ஈரம் இருக்கிறது. பயிரோ பத்து நாள் காய்ச்சல் கண்ட மாதிரி நிற்கிறது. சத்துக் குறைவாக இருக்கும் என்று ஜீவாமிர்தம் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சில நாளில் அந்த இடத்தில் சோளத்தின் காலடியில் சின்னச் சின்னச் செடிகள் எட்டிப் பார்த்தன. சொரசொரப்பான ஒல்லி இலை, ஒரு சாண் உயரம், மேலே வெள்ளைப் பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் காட்டுக்குக் கீழ்ப்புறம் ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஆத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தாங்க. "இது சுடுமல்லி தம்பி. பூக்கறதுக்கு முன்னாடியே புடுங்கிப் போட்டிருக்கோணும். காய் வெடிச்சுதுன்னா அப்புறம் காடு உன்ற பேச்சைக் கேக்காது."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. சுடுமல்லி ஒரு வேர் ஒட்டுண்ணி. அறிவியல் பெயர் ஸ்ட்ரைகா. பச்சை இலை இருந்தாலும் சோளத்தின் வேரில் வாயை வைத்துத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. நாம் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பல வாரங்கள் மண்ணுக்குள் இருந்து குடித்திருக்கும். செடி தலைகாட்டும்போது சேதத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

விதையைப் பற்றித் தெரிந்துகொண்டால் தூக்கம் வராது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத தூசி அது. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். அந்த விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மழை வந்தவுடன் முளைத்துவிடாது. தனக்கு ஏற்ற பயிரின் வேர் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் முளைக்கும். மண்ணில் கிடக்கும் இந்தக் கையிருப்பை ஆய்வாளர்கள் 'விதை வங்கி' என்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஆனால் இப்படி ஒரு நீண்டகால வைப்புத் தொகையை அங்கே பார்த்ததில்லை.

காய்க்குள் ஒரு புழு

ஆத்தா சொன்னபடி பிடுங்க இறங்கினேன். பாதிச் செடியில் பூ தாண்டிக் காய் பிடித்திருந்தது. சில காய்கள் ஒல்லியாக இருந்தன. சில காய்கள் உருண்டு புடைத்து இருந்தன. புடைத்த ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே விதை இல்லை. வெள்ளையாக, காலில்லாத ஒரு புழு சுருண்டு கிடந்தது.

நாலைந்து காய்களை டப்பாவில் போட்டு, தெரிந்த ஒரு பூச்சியியல் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். "அட, உங்க காட்டுல ஸ்மிக்ரோனிக்ஸ் இருக்கே" என்றார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள கூன்வண்டு இனம். இந்த இனத்தில் பல வகைகள் ஒட்டுண்ணிச் செடிகளை நம்பியே வாழ்கின்றன. சில சுடுமல்லியில். வேறு சில, நம் வேலியிலும் குதிரைமசாலிலும் மஞ்சள் நூலாகப் படர்கிற அம்மையார் கூந்தலின் தண்டில் முடிச்சுப் போட்டு அதற்குள் வளர்கின்றன.

சுடுமல்லியில் வாழும் வண்டின் கதை இது. தாய் வண்டு பூவின் சூலகத்தில் துளை போட்டு முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே இருந்து விதையாக வேண்டியதைத் தின்கிறது. காய் புடைத்துக்கொள்கிறது. வளர்ந்த புழு காயை விட்டு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கி, மண்ணாலேயே கூடு கட்டி உறங்குகிறது. அடுத்த வருஷம் மழை பெய்து சுடுமல்லி தழைக்கும் காலத்தில் வண்டாக வெளியே வருகிறது. இதற்குச் சோளம் வேண்டாம், கம்பு வேண்டாம். சுடுமல்லி இருந்தால்தான் இதற்குப் பிழைப்பு.

இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இயற்கை எல்லாவற்றுக்கும் ஒரு எதிரியை வைத்திருக்கிறது, நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவன் நான். செடியைப் பிடுங்கி எரித்தால் வண்டும் அல்லவா எரியும்? அரை ஏக்கரில் சுடுமல்லியை அப்படியே விட்டேன். அங்கே வண்டு பெருகி மற்ற இடத்தையும் காக்கும் என்று நம்பினேன்.

ஆத்தாவிடம் சொன்னபோது அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "சரி தம்பி, புழு தின்னுபோட்டு மிச்சம் வெச்சுதுன்னா?"

மிச்சத்தின் கணக்கு

அந்தக் கேள்விக்கு அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்துத்தான் போட்டேன். பத்துச் செடிகளை எடுத்து எண்ணினேன். சராசரியாகச் செடிக்கு 40 காய். அதில் 26 புடைத்தவை. ஆக, என் வண்டுகள் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தில் முடித்திருக்கின்றன. சாதாரண வேலையா அது! ஆனால் மிச்சம் 14 காய் இருக்கிறதே. ஒரு காயில் 500 விதை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு செடியிலிருந்து 7,000 விதை மண்ணுக்குப் போகிறது. அடுத்த வருஷம் அந்தச் சோளத்தின் காலடியில் இடம் பிடிக்க 7,000 வேண்டாம், பத்து முளைத்தால் போதும்.

விட்டுவைத்த அரை ஏக்கர் ஒன்றரை ஏக்கராகப் பரவியது. முன்பு 300 கட்டுத் தட்டு வந்த இடத்தில் 170 கட்டு வந்தது. கோடையில் தட்டு விலைக்கு வாங்கி மாளாமல் ஒரு மாட்டை விற்றோம்.

அதைவிட வலித்தது வேறு. எங்கள் மேட்டில் விழுந்த மழை ஆத்தாவின் காட்டு வழியாகத்தான் ஓடும். தூசி போன்ற விதை தண்ணீரோடு போகாமல் என்ன செய்யும்? மூன்றாம் வருஷம் அவங்க சோளத்திலும் வெள்ளைப் பூ எட்டிப் பார்த்தது. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாங்க. அந்த வயதில் அவங்க குனிந்து நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு வரப்பில் நிற்க முடியவில்லை.

வண்டால் ஏன் முடியவில்லை?

வண்டை வைத்துக் களையை ஒழித்த கதைகள் உண்மையில் உண்டு. கேரளத்தின் நீர்நிலைகளை மூடிக் கிடந்த ஆப்பிரிக்கப் பாயலை 1980-களில் விடப்பட்ட ஒரு கூன்வண்டு கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த வண்டு செடியின் குருத்தையும் தண்டையும் தின்று செடியையே சாகடிக்கிறது. நம் ஸ்மிக்ரோனிக்ஸ் அப்படியல்ல. அது செடியைக் கொல்வதில்லை, காயை மட்டும் தின்கிறது. அதுவும் சுடுமல்லி சோளத்தைக் குடித்து முடித்த பிறகு. நடப்பு வருஷத்துப் பயிரை அது காப்பாற்றவே முடியாது. வருங்காலத்து விதையைக் குறைக்கத்தான் முடியும். மண்ணில் ஏற்கெனவே பத்து வருஷத்துக் கையிருப்பு கிடக்கும்போது அந்தக் குறைப்பு கண்ணுக்கே தெரிவதில்லை.

1970-களில் இந்தியாவிலிருந்து இந்த வண்டு இனத்தில் ஒன்றைக் கொண்டுபோய் எத்தியோப்பியாவில் சுடுமல்லிக்கு எதிராக விட்டுப் பார்த்தார்கள். அது அங்கே நிலைபெற்றதாக உறுதி ஆகவில்லை.

எனக்குப் பழகிய பாஷையில் சொன்னால், வட்டியில் பிழைக்கிறவன் அசலை அடைக்கச் சொல்ல மாட்டான். கடன்காரன் ஒழிந்துபோனால் அவன் பிழைப்பு என்ன ஆவது? சுடுமல்லியை நம்பி வாழும் வண்டு சுடுமல்லியை ஒழித்துவிடும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. வண்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் வேலையையும் சேர்த்து அதன் தலையில் கட்டியது நான்.

இப்போது செய்வது

ஒன்று, பூக்கும் முன் கைக்களை. விதைத்த ஐந்தாவது வாரத்திலிருந்து காட்டைச் சுற்றி வருகிறேன். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்கும் என்பதால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை திரும்பவும் போக வேண்டும். இந்த வருஷப் பயிருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. அடுத்த வருஷத்துக்காகச் செய்கிறோம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு, ஏமாற்றுப் பயிர். பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை, சூரியகாந்தி ஆகியவற்றின் வேர்ச்சாறும் சுடுமல்லி விதையை எழுப்பிவிடும். ஆனால் அந்த வேரில் அதனால் ஒட்ட முடியாது. முளைத்தது சில நாளில் பட்டினியில் செத்துவிடும். இந்த எழுப்பும் பொருளை 1966-இல் முதன்முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான். சோளத்தின் மேல் சோளம் வைத்தது என் முதல் தப்பு. இப்போது ஒரு வருஷம் சோளம் என்றால் இரண்டு வருஷம் கடலையும் பயறும். விதை வங்கியில் இருப்பைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இது.

மூன்று, மண்ணுக்குச் சோறு. மணிச்சத்துக் குறைந்தால் பயிர் வேர் அந்தச் சாற்றைக் கூடுதலாகக் கசியவிடும். ஏன் தெரியுமா? வேருக்கு மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் வேர் உட்பூசணத்தைக் கூப்பிடுவதற்காக. இதை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பயிர் நண்பனைக் கூப்பிடுகிறது, சுடுமல்லி ஒட்டுக்கேட்டு வந்துவிடுகிறது. மண் வளமாக இருந்தால் பயிர் இவ்வளவு சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. தொழுவுரமும் பட்டி அடைப்பதும் பலதானிய விதைப்பும் இங்கேதான் வேலை செய்கின்றன. ஒரே வருஷத்தில் அல்ல, வருஷா வருஷம்.

நான்கு, பரவாமல் பார்ப்பது. காய் பிடித்த சுடுமல்லி கலந்த தட்டை மாட்டுக்குப் போடாதீர்கள். சாணத்தோடு விதை திரும்பக் காட்டுக்கே வரும். பாதித்த காட்டில் ஓடிய கலப்பையைக் கழுவாமல் அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் ஓடும் பக்கம் வரப்பை உயர்த்திக் கொழுக்கட்டைப் புல் வைத்திருக்கிறேன்.

கென்யாவில் சுடுமல்லியை அடக்க மக்காச்சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனத்தை வைக்கிறார்கள். இசிபே என்ற பூச்சியியல் மையம் பரப்பிய 'தள்ளு இழு' முறை அது. நல்ல பலன் கிடைத்திருக்கிறது. சிலர் நம் வேலிமசாலையும் அதையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி.

வண்டுக்கும் ஒரு பங்கு

வண்டை நான் கைவிடவில்லை. தவறிப்போய்க் காய் பிடித்த செடிகளைப் பிடுங்கும்போது புடைத்த காய்களை மட்டும் கிள்ளி, அரைப் பானை மணலில் போட்டு மெல்லிய துணியால் வாய் கட்டி வைக்கிறேன். மற்றதெல்லாம் அடுப்புக்கு. போன மழைக்குப் பானைத் துணியின் அடியில் பதினொரு வண்டுகள் ஏறி நின்றன. அரிசி வண்டைவிடச் சின்னது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டில் விட்டேன். அந்த மணல் திரும்பக் காட்டுக்குப் போகாது, அதில் விதை இருக்கும்.

எல்லாச் செடியையும் பிடுங்கினால் வண்டு எதைத் தின்னும் என்று கேட்பீர்கள். எவ்வளவு பார்த்துப் பிடுங்கினாலும் என் கண்ணுக்குத் தப்பியது நாலு இருக்கும். அது அவற்றின் பங்கு.

இந்த வருஷம் எங்கள் சோளத்தில் சுடுமல்லி ஒரு மூலையோடு நின்றது. முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மண்ணில் இன்னும் இருப்பு இருக்கிறது. பத்து நாளுக்கு ஒரு முறை எங்கள் காட்டை முடித்துவிட்டு வரப்பைத் தாண்டி ஆத்தாவின் காட்டிலும் இறங்கிப் பிடுங்குகிறேன். "எதுக்குத் தம்பி உனக்கு இந்த வேலை?" என்பாங்க. நான் போட்ட விதை ஆத்தா, நான்தானே எடுக்கோணும்.

உங்கள் சோளத்திலோ கரும்பிலோ ஈரம் இருந்தும் பயிர் வாடினால் காலடியைக் குனிந்து பாருங்கள். வெள்ளைப் பூ இருந்தால், அன்றைக்கே பிடுங்குங்கள். காயைப் பிளந்து பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.