ஒரு வீரன், பல அச்சுகள்

கோவிலூர்ப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா படங்களைப் பார்த்திருப்பீர்கள். இராவணன் ஜடாயுவின் சிறகை வெட்டும் காட்சியும் அவர் வரைந்ததே. இத்தகைய படத்தில் அத்தனை வண்ணங்களும் எப்படி அச்சாயின?

1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில், ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு சுண்ணாம்புக்கல் உண்டு. கல்லின் மேல் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, நீரால் நனைப்பார்கள். எண்ணெய்ப்பசை நீரை விலக்கும். ஆகவே அச்சுமை, வரைந்த இடத்தில் மட்டுமே ஒட்டும்.

ஒரே தாளைப் பல கற்களில் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். சிறிது விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்துவிடும்!

ஜப்பானியரின் மரக்கட்டை அச்சிலும் இதே சிக்கல்தான். குனியோஷி என்ற ஓவியர் 1827 முதல் வெளியிட்ட புராண வீரர் படங்களுக்கு, வண்ணத்திற்கு ஒரு கட்டை தேவைப்பட்டது. எல்லாக் கட்டைகளிலும் ஒரே இடத்தில், மூலையில் ஒன்றும் விளிம்பில் ஒன்றுமாக இரு குறிகள் செதுக்கினர். தாளை அவற்றோடு பொருத்தினால் வண்ணங்கள் பிசகாமல் விழும்.

உங்கள் வீட்டில் பழைய ரவிவர்மா படம் இருந்தால் உருப்பெருக்கியால் பாருங்கள், நுண்புள்ளிகள் தெரியலாம். தள்ளி நின்றால் அவற்றை நம் கண் ஒரே நிறமாகக் கலந்துவிடுகிறது.

பின்னாளில் லோனாவலா அருகே மாறிய அந்த அச்சகம் 1972-இல் தீக்கிரையாயிற்று. எனவே படத்தை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ஒளியால் வெளுத்த வண்ணம் மீண்டும் வராது.