டாக்டர் கேட்டார்... நான் வாயைத் திறக்கவில்லை!

என் வயது 64. கும்பகோணத்தில் மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகளோடு இருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கொல்லையில் துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை எல்லாம் வைத்திருக்கிறேன். 'பெரியம்மா கைக் கஷாயம் குடிச்சா மறுநாள் எழுந்து வேலைக்குப் போகலாம்' என்று சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைக்கனம்தான் ஒரு நாள் என் வாயைக் கட்டிப் போட்டது.

2018 டிசம்பர். மார்கழிக் குளிர். மூத்த பேரனுக்கு அப்போது ஏழு மாதம். மூக்கடைப்பினால் பால் குடிக்க முடியாமல் ராத்திரி முழுக்க அழுகை. டாக்டரிடம் காட்டியதற்கு, மூக்கில் விட உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தார். 'இதற்கா நூற்றுக்கணக்கில் செலவு?' என்று எனக்கு எரிச்சல். மகன் ஆபீஸ் போன பிறகு, தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, சூடத்தைத் தாராளமாக நுணுக்கிப் போட்டு, குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய்த்தேன். மூக்கடியிலும் கொஞ்சம் தடவினேன்.

"அத்தை, டாக்டர் வேற எதுவும் தடவ வேண்டாம்னாரே" என்றாள் மருமகள்.

"உன் வீட்டுக்காரனை இப்படித்தான் வளர்த்தேன். அவன் என்ன தேய்ஞ்சா போயிட்டான்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. குழந்தை ஒரு தரம் வாந்தி எடுத்தான். அப்புறம் கண் ஒரு பக்கமாகச் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. ஜுரம் துளிகூட இல்லை. அடங்கியதும் துடைத்து, வேறு சட்டை மாட்டி, (அந்தப் பதற்றத்திலும் பவுடர் போட்டேன் பாருங்கள்!) ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மகனும் நேரே அங்கே வந்துவிட்டான். வாசலிலேயே இரண்டாம் தரம் வலிப்பு. ஊசி போட்டுத்தான் நின்றது.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். கீழே விழுந்தானா? ஜுரம் இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா? கடைசியாக, "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா, தடவினீர்களா?" என்றார். "ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றான் விவரம் தெரியாத மகன். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். 'மூளைக்காய்ச்சலாக இருக்குமோ, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்' என்று அவர் நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்ததும்தான் எனக்கு உடம்பு ஆடிப்போனது. "சூடம் தடவினேன்யா, நான்தான்" என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் திட்டவில்லை. உடனே வெந்நீரில் சோப்பு போட்டுக் குழந்தையின் மேலெல்லாம் துடைக்கச் சொன்னார். ஒரு நாள் வைத்திருந்து கவனித்தார்கள். வேறு வலிப்பு வரவில்லை. முதுகில் ஊசி போட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. சூடம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், அதை முறிக்கும் சக்தி பிஞ்சு ஈரலுக்குப் போதாது, மூளையைத் தாக்கி வலிப்பு வந்துவிடும் என்று பிறகு விளக்கினார். "நீங்க சொன்னதுதான்ம்மா பெரிய உதவி" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது. நான் வாய் திறக்காமல் நின்ற அந்த ஐந்து நிமிஷம் எனக்குத்தானே தெரியும்!

அன்றிலிருந்து என் வைத்தியத்தை நானே சலித்துப் பார்த்துவிட்டேன். பெரியவர்களுக்குச் சுக்கு, மிளகு, துளசி, பனங்கற்கண்டு போட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டிய கஷாயம் இன்றும் உண்டு. (வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகைக் குறையுங்கள்.) ஜலதோஷம் வைரஸால் வருவது. ஏழெட்டு நாளில் தானாகவே போய்விடும், கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். மிளகு ரசமும் அப்படியே. இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்லது, ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில்கூடத் தடவாதீர்கள். அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் விஷமாகிவிடும். மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை, மஞ்சள் சுட்டு முகரவைப்பது எல்லாவற்றையும் குழந்தைக்கு நிறுத்தியாயிற்று. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும் பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. கொதிக்கிற அண்டா ஒரு தட்டு தட்டினால் கவிழ்ந்துவிடும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது காலையில் நான் வரிசையாகத் தும்முவதைப் பார்த்து டாக்டர், "எத்தனை நாளா?" என்றார். "இருபது வருஷமா சளி" என்றேன். சிரித்துவிட்டார். ஜுரம் இல்லை, கண்ணும் மூக்கும் அரிக்கிறது, தண்ணீராக ஒழுகுகிறது, படுக்கையை உதறும்போது அதிகமாகிறது என்றால் அது சளி இல்லையாம், அலர்ஜியாம்! அதற்கு நான் குடித்த கஷாயத்தை அளந்தால் ஒரு குளம் நிரம்பும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை உறைகளை நல்ல சூடான வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்த பிறகு தும்மல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இரண்டாவது பேத்திக்குச் சளி பிடித்தபோது அதே உப்புத்தண்ணீர் சொட்டு மருந்துதான். பால் குடிக்கும் முன் இரண்டு மூக்கிலும் இரண்டிரண்டு சொட்டு. அடிக்கடி தாய்ப்பால். மருமகள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவாள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சூடம் இப்போது பூஜை அலமாரியின் மேல் தட்டில், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. முன்பு விளக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். கற்கண்டு என்று நினைத்துத் தவழும் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் தடவியதைவிட ஆபத்து. உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத பாட்டி, கும்பகோணம்.