சிறுநீர் சொல்லும் சாட்சி

நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இவ்வாரம் நாம் எழுதப் புகுந்திருப்பது சிறுநீரைப் பற்றித்தான். அதில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது படரும் கோலத்தைக் கண்டு நோயறிந்த சித்த வைத்தியர்களின் நாட்டில் இதற்கு வெட்கப்படுவானேன்?

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் உற்பத்தியாகின்றன. பல ஜில்லாக்களிலிருந்து வந்த இளைஞர்களும் யுவதிகளும் இரவு பகலாக முறை மாற்றி உழைக்கிறார்கள். அங்கே பல வேலைகளின் வேகத்தை நிர்ணயிப்பது ஓடிக்கொண்டிருக்கும் கன்வேயர் பட்டை. "தாங்க முடியவில்லை" என்று ஒரு பெண் சொன்னால் அதற்குச் சாட்சி ஏது?

சாட்சி உண்டு. மனம் நெருக்குண்டால் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பி, அட்ரினலின் என்னும் வஸ்துவை இரத்தத்தில் விடுகிறது. அதில் சொற்பப் பகுதி சிதையாமல் சிறுநீரில் இறங்குகிறது. இரத்தம் எடுக்க ஊசி குத்தினாலோ, அந்தப் பயத்திலேயே அட்ரினலின் ஏறிவிடும்! சிறுநீரில் அத்தொல்லையில்லை, பல மணி நேரத்துக் கணக்கையும் அது ஒருசேரக் காட்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு மாதிரியையும் ரசாயனி தம் கையாலேயே பக்குவப்படுத்த வேண்டும். இப்போது அமிலம் சேர்த்துக் குளிரில் காத்த மாதிரிகளைச் சுத்திகரித்து வரிசையாக வைத்துவிட்டால், யந்திரம் ஒவ்வொன்றாக உறிஞ்சி, நுண்மணிகள் அடைத்த குழாயில் அழுத்தத்துடன் செலுத்துகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிஷத்தில் வெளிவர, அளவு தானே பதிவாகிறது.

ஸ்வீடன் தேசத்து மரமறுக்கும் ஆலையில் நடந்த ஆராய்ச்சியொன்று 1978-ல் வெளியாயிற்று. யந்திரத்தின் வேகத்துக்குக் கட்டுண்டவர்களையும், ஓரளவு தம் இஷ்டப்படி நகர்ந்து வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னவர்களுக்கு வேலை முடியும் சமயத்தில் அட்ரினலின் தணிந்தது. முன்னவர்களுக்கோ ஏறிக்கொண்டே போயிற்று.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில், அறிவிக்க வேண்டிய நோய்களாக ஈய விஷம் முதலியவை இடம்பெற்றன. மன நெருக்கடி இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு மூண்டதால் மே தினத்தன்று கைவிடப்பட்டது. அத்தகைய மசோதா மறுபடி தலைகாட்டுமானால், பன்னிரண்டாவது மணியில் உடம்பு படும் பாட்டை முதலில் அளந்து பார்க்கட்டும்.

ஆனால் காப்பியும் புகையிலையும்கூட அட்ரினலினை ஏற்றும். ஆகையால் ஒருவருடைய ஒரே சீசாவைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பலருடைய மாதிரிகளை, அவர்கள் சம்மதத்துடன், பெயரின்றிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயரோடு முதலாளியின் மேஜைக்குப் போனால், அதிகம் காட்டியவரின் சீட்டுத்தான் கிழியும். இன்னொன்று: பட்டையை விட்டு எழுந்து போக அவகாசம் கொடுத்தால்தான் சீசா நிறையும்.