எண்வகை இறை

சென்ற திங்களில் ஒருநாள் நன்னூற் பொதுவியலைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வினாவகை முடிந்து விடைவகை தொடங்கியது. பவணந்தி முனிவர் விடையை ‘இறை’ என்னும் பெயரால் வழங்குகின்றார். இறுத்தல் என்பது விடை கூறுதல். ஆதலின் இறுக்கப்படுவது இறை. அஃது 8 வகைப்படும். இவ்வளவில் நிறுத்தி மேலே செல்லலுற்றபோது, பின்வரிசையிலிருந்த கிறிஸ்தவ மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, கடவுளுக்கும் இறை என்று பெயர், விடைக்கும் இறை என்று பெயர். கடவுளிடம் கேட்டால் இந்த எட்டில் எந்த விடை கிடைக்கும்?” என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என்னோடு கணிதங் கற்பித்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரின் மைந்தன் காய்ச்சலாய்க் கிடந்தான். நண்பரும் மனைவியாரும் இரவு பகலாக முழந்தாளில் நின்றனர். ஆலயத்திலும் சனங்கள் கூடி மன்றாடினர். பிள்ளை பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்கச் சென்ற யான், ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு, “இத்தனைபேர் மன்றாடியும் விடை கிடைக்கவில்லையே” என்று சொல்லிவிட்டேன். நண்பர் நிமிர்ந்து பார்த்தார். “விடை கிடைத்தது, பண்டிதர். கேட்டதுதான் கிடைக்கவில்லை” என்றார். அன்று அது எனக்கு வெறுஞ் சொல்லாகவே பட்டது. இழவு வீட்டிற் கேட்கத்தகாததைக் கேட்டோம் என்பதும் வீடு திரும்பிய பின்னரே உறைத்தது.

மாணவன் வினா அந்தப் பழைய புண்ணைத் தொட்டது. அன்றிரவு வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பவணந்தியார் வகுத்த முறையிலே அதனைப் புரட்டினேன்.

கேட்டதற்கு உடன்படுவது நேர்விடை. பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலே மனங்கசந்து வேண்டினாள். உதடு மட்டும் அசையக் கண்ட குருவாகிய ஏலி, குடித்திருக்கின்றாள் என்றே எண்ணினார். அவளுக்குச் சாமுவேல் பிறந்தான். சுட்டிக் காட்டுவது சுட்டுவிடை. தன் தலைவன் மகனுக்குப் பெண் தேடிச் சென்ற ஆபிரகாமின் ஊழியக்காரன், கிணற்றருகில் நின்று செபித்தான். செபம் முடியுமுன்னே ரெபெக்காள் குடத்தோடு வந்தாள். ‘நீயே செய்’ என்பது ஏவல்விடை. முன்னே கடல், பின்னே பார்வோன் படை. என்னை நோக்கி ஏன் முறையிடுகின்றாய், சனங்களை நடக்கச் சொல் என்பதே மோசேக்குக் கிடைத்த மறுமொழி. வினாவுக்கு வினாவே விடையாவதும் உண்டு. நீதிமானாகிய யோபு தன் துன்பத்துக்குக் காரணங் கேட்டான். பெருங்காற்றினின்று வந்தது காரணமன்று, வினாக்களின் அடுக்கு. உலகுக்கு அடித்தளம் இட்ட நாளில் நீ எங்கிருந்தாய் என்பது அவற்றுள் முதன்மையானது. எதுவரைக்கும் என்று அலறிய ஆபகூக்குக்கு, குறித்த காலத்தில் வரும், காத்திரு என்று உறுவது கூறப்பட்டது.

‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. பவுல் தம் உடலில் முள்ளாய்த் தைத்ததொரு துன்பம் நீங்க மூன்றுமுறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருள் போதும் என்று சொல்லப்பட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது அதற்கு இனமான பிறிதொன்று.

எஞ்சியவை இரண்டு: மறையும் உற்றதுரைத்தலும். மறை என்பது மறுத்தல். தாவீது அரசன் நோயுற்ற பிள்ளைக்காக உண்ணாது தரையிற் கிடந்தான். ஏழாம் நாள் பிள்ளை இறந்தது. அவன் எழுந்து நீராடி, ஆலயம் புகுந்து தொழுதான். இவ்விடத்தில் நூலை மூடிவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

மறுக்கப்படினும் ஏன் வேண்டுகின்றனர்? ‘வேண்டு’ என்னும் நம் சொல்லுக்கு விரும்பு என்பதும் பொருள். இர என்பதும் பொருள். 5-ஆம் நூற்றாண்டிலே அகுஸ்தீனார், புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதனையே கூறுகின்றார். நமக்கு வேண்டியதைக் கடவுள் முன்னரே அறிவார். அவர் தரவிருப்பதை ஏற்கும் அளவுக்கு நம் விருப்பம் விரிவதற்காகவே வேண்டுகின்றோம் என்பது அவர் கருத்து. 13-ஆம் நூற்றாண்டின் தோமஸ் அக்குவினாரும், இறைவன் திருவுள்ளத்தை மாற்றுதற்கு அன்று, செபத்தின் வழியாக நிகழவேண்டும் என்று அவர் வகுத்ததைப் பெறுதற்கே செபிக்கின்றோம் என்றார்.

அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, மகன் தன்னைப் பிரிந்து கப்பலேறலாகாது என்று கார்த்தேஜ்க் கரையிலே இரவெல்லாம் அழுது செபித்தாள். 383-ஆம் ஆண்டில், அவ்விரவிலேயே அவன் தாயை ஏமாற்றி ரோமாபுரிக்குச் சென்றான். அப்பயணமே அவனை மிலானில் அம்புரோசியாரிடஞ் சேர்த்தது. 387-இல் ஞானஸ்நானம் பெற்றான். அவள் எந்நாளும் வேண்டியதைத் தருதற்கு, அன்று வேண்டியது மறுக்கப்பட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

இது நல்ல விளக்கந்தான். ஆனால் என் நண்பர் மைந்தன் கப்பலேறிப் போனவன் அல்லன். திரும்பக் காண்பதற்கு இங்கே கரை இல்லை. ஆகையால் ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் நண்பரைத் தேடிச் சென்றேன். முதலில், அன்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பின்பு எட்டு விடைகளையும் சொல்லி, “உங்களுக்குக் கிடைத்தது எது?” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. “முதலில் மறை என்றே கொண்டேன். அந்த உற்றதுரைத்தல் என்பதற்கு உதாரணம் என்ன சொன்னீர்கள்?” என்றார்.

“இது செய்வாயா என்றால், உடம்பு நொந்தது என்பது.”

“அதுதான்” என்றார். “கெத்செமனேயிலே கிறிஸ்துவும், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார், உம்முடைய சித்தமே ஆகட்டும் என்றும் சொன்னார். பாத்திரம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. பிள்ளையைத் தா என்று யான் சிலுவையைப் பார்த்துக் கேட்டேன். எனக்கும் நொந்தது என்பதுதான் அங்கிருந்து வந்தது. அதன்பின் அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை. ஏன் என்று மட்டும் இன்றைக்கும் கேட்கிறேன், பண்டிதர். அதற்கு இன்னும் விடை வரவில்லை.”

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, “தம்பி, எட்டும் கிடைக்கும் என்று உங்கள் நூலே சொல்கின்றது, ஆனால் எது வேண்டும் என்று கேட்பவன் தெரிந்துகொள்ள இயலாது” என்றேன். பிறகு பாடத்தைத் தொடர்ந்தோம்.