அடையாளமும் விளைவும்: உள்ளம் போடும் கணக்கு



மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காடுகள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். புரட்டாசியில் விதையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் உழவர், கீழ்த்திசை மின்னலையும், தாழப் பறக்கும் தும்பியையும், முட்டை சுமந்து மேடேறும் எறும்பையும் மழையோடு இணைத்துப் பார்க்கிறார். ஓர் அடையாளத்தைக் கண்டதும் அதன் பின்னே வரும் விளைவை முன்னுணரும் இவ்வாற்றல் இல்லையேல் மனித வாழ்வே இல்லை. ஆயினும் இதே ஆற்றல் வழி தவறினால் உயிரையும் பறித்துவிடுகிறது. அது எவ்வாறு என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

உள்ளம் கற்கும் முறை

செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் ரஷ்ய அறிஞர் பாவ்லோவ். நாய்க்கு உணவு தருமுன் ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, அதைப் பல முறை திரும்பச் செய்தால், பின்னர் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே அதற்கு உமிழ்நீர் ஊறுவதை அவர் கண்டார். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் போதும், உள்ளம் அவற்றை முடிச்சுப் போட்டுவிடும் என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர்.

1968இல் அமெரிக்க அறிஞர் இராபர்ட் ரெஸ்கார்லா இதனைத் திருத்தினார். ஓர் ஒலி கேட்கும்போது எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒலி கேட்காத நேரத்திலும் அதே அளவு அதிர்ச்சி வந்தபோது, எலிகள் அந்த ஒலிக்கு அஞ்சக் கற்கவில்லை. அடையாளம் இருக்கும்போது விளைவு வருகிறதா என்பது பாதிக் கேள்விதான். அடையாளம் இல்லாதபோதும் அது வருகிறதா என்பதே மீதிக் கேள்வி.

நான்கு கணக்கில் ஒன்று

மனிதராகிய நாம் இந்த மீதிக் கேள்வியை எளிதில் மறந்துவிடுகிறோம். பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பர் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தோருள் பெரும்பாலோர் கிராமத்து மக்களே.

கடிபட்டவரை மந்திரிக்கவும், விஷக்கல் வைக்கவும், வேர் கொடுக்கவும் அழைத்துச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. "அங்கே போனவர் பிழைத்தாரே!" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சான்று. நம் நாட்டுப் பாம்புகளுள் பெரும்பாலானவை மனித உயிருக்கு ஆபத்தற்றவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. இத்தகைய கடிபட்டவர், எவர் என்ன செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்.

ஆகவே நான்கு கணக்குகளையும் பார்க்க வேண்டும். மந்திரித்துப் பிழைத்தவர் எத்தனை பேர்? மந்திரித்தும் இறந்தவர் எத்தனை பேர்? மந்திரிக்காமல் பிழைத்தவர் எத்தனை பேர்? மந்திரிக்காமல் இறந்தவர் எத்தனை பேர்? ஊர் நினைவில் தங்குவது முதல் கணக்கு மட்டுமே. இறந்தவருக்கு "விதி முடிந்தது" என்ற ஒரு சொல்லோடு கணக்கு மூடப்படுகிறது.

முந்திக்கொண்ட நம்பிக்கை

1960களின் இறுதியில் லியோன் காமின் என்ற அறிஞர் மற்றோர் உண்மையைக் கண்டார். ஓர் ஒலியைத் தொடர்ந்து அதிர்ச்சி வரும் என்று முதலிலேயே கற்றுக்கொண்ட எலிகளுக்கு, பின்னர் ஒலியோடு ஒளியையும் சேர்த்துக் காட்டி அதிர்ச்சி தந்தார். ஒளியைப் பற்றி அவை ஏறக்குறைய எதையுமே கற்கவில்லை. எதிர்பார்த்ததே நடந்ததால், புதிதாகக் கற்பதற்கு இடமில்லாமற் போயிற்று. எதிர்பார்ப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடே கற்றலைத் தூண்டுகிறது என்பதை ரெஸ்கார்லாவும் வாக்னரும் 1972இல் ஒரு சமன்பாடாகவே வகுத்தனர். இதையொத்த போக்கு மனிதரிடமும் பின்னர் காணப்பட்டது.

விஷக்கல்லை முன்பே நம்பியவர், கல்லும் வைத்து மருத்துவமனைக்கும் சென்று பிழைத்தால் யாருக்கு நன்றி கூறுவார்? கல்லுக்கே கூறுவார். முந்திக்கொண்ட நம்பிக்கை, உண்மையில் காத்த மருந்தின் பெயரை மறைத்துவிடுகிறது.

காலதாமதமும் நம்மை ஏமாற்றும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும்போது வலியோ வீக்கமோ பெரிதாக இராது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரலாம், இமைகள் சரியலாம், மூச்சுத் திணறலாம். அடையாளமும் விளைவும் விலகி நிற்பதால், "உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணி நேரத்தை இழந்தோர் உண்டு.

மதீனாவில் ஒரு கிரகணம்

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தால்தான் சூரியன் மறைந்தது என மக்கள் பேசினர். துயரத்தில் இருந்த தந்தைக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு அது. எனினும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஒருசேர நிகழ்ந்த இரண்டினைக் காரணமும் காரியமுமாக முடிச்சிடும் வழக்கத்தை அவர்கள் தம் வீட்டுத் துயரிலும் அனுமதிக்கவில்லை. பறவை பறக்கும் திசையை வைத்துப் பயணத்தை முடிவு செய்யும் சகுன வழக்கத்தையும் கண்டித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து நம் நாட்டில் உண்டு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. எவரேனும் கடிபட்டால் கீறாதீர்கள், இரத்தத்தை உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை, கால் அசையாதவாறு வைத்து, நடக்க விடாமல், 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பிரார்த்தனையை வழியெல்லாம் செய்யலாம். அதற்காக வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

"இதைச் செய்தேன், அது நடந்தது" என்று எவரேனும் கூறினால், "இதைச் செய்யாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். இறைவன் தந்த அறிவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.