சலவை இயந்திரம்: வாங்குமுன்னும் பொருத்தும்போதும்

வாளையார்ப் பகுதி வாடிக்கையாளர்கள் வீட்டு உபயோகப் பொருள்களைப் பாலக்காட்டிலும் வாங்கலாம், கோயம்புத்தூரிலும் வாங்கலாம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததால் எல்லையின் இருபுறமும் வரி விகிதம் ஒன்றே. ஆயினும், சலவை இயந்திரத்தை வீட்டிற்கு வந்து பொருத்தித் தருபவர் யார் என்பதைப் பணம் செலுத்துமுன் கேட்டறிவது நலம். நிறுவன ஊழியரே பொருத்தினால் பின்னர் உத்தரவாதம் குறித்து வழக்கு எழாது.

முன்புறம் திறக்கும் இயந்திரத்தின் பின்பக்கத்தில், பயணத்தின்போது உருளை ஆடாதிருக்கப் போல்ட்டுகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் இயக்கினால் இயந்திரம் கடுமையாக அதிர்ந்து பழுதடையும். கழற்றியவற்றை எறிந்துவிடாமல், வீடு மாறும் நாளுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும். நான்கு கால்களையும் திருகிச் சமன் செய்வதும் அவசியம்.

நீரைச் சூடாக்கும் வகை ஏறத்தாழ 2000 வாட் மின்சாரம் கொள்ளும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தேவை. எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகாது. ஈரக் கையால் தொடும் கருவியாதலால் முறையான எர்த் இணைப்பு உயிர்காப்பாகும். இதில் சிக்கனம் வேண்டா.

வாளையார் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பகுதி. கிணற்று நீர் கடினமாயின் ஹீட்டரில் உப்புப் படியும்; படிவு நீக்கும் பொடியை அவ்வப்போது பயன்படுத்துக.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் கண்டால், ரொக்க விலையையும், செயலாக்கக் கட்டணம் உட்படத் தவணைகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வித்தியாசமே உண்மையான வட்டி. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் ஒன்றாகச் சேர்த்து வைப்போம்.