மணல் கொட்டிய விமானங்கள்

காயலான் கடைக்குப் போக வேண்டியவை பெங்களூரில் உயிர் பெற்ற கதை இது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை விட்டுச் சென்ற வெள்ளையர், யாருக்கும் உதவாதபடி எஞ்சினில் மணலைக் கொட்டி, உடலையும் இடித்துவிட்டே போனார்கள். ரயில்வேயில் 'கண்டம்' என்று எழுதிய வண்டியை நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. எச்.ஏ.எல். பார்த்தது! அங்கேயே ஒட்டுப்போட்டுத் தந்ததை, ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி உயிரைப் பணயம் வைத்து ஒவ்வொன்றாக இங்கே ஓட்டி வந்தார். பல விமானங்கள் தேறின. இங்கே முழுதாகச் செப்பனிட்டபின், 1948 முதல் 20 ஆண்டுகள் நம் விமானப்படையில் பறந்தன. அவற்றில் ஒன்று 1974ல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது!

அந்நாளில் தொழிற்சாலையில் உழைத்த நம்மவர் வீட்டுப் பரணில் ஒரு திருகாணியோ, பழைய போட்டோவோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.